அமிலத்தின் மீது போடும் பழி

நாலு மாதக் குழந்தை பசித்து அழுகிறது. மார்பில் வைத்ததும் ஆவலாக நாலு வாய் உறிஞ்சுகிறது. பிறகு முதுகை வளைத்து, தலையைப் பின்னுக்குத் தள்ளிக் கத்துகிறது. குடித்ததில் ஒரு பங்கு தோளில் வழிகிறது. மறுபடி வைத்தால் உதட்டை இறுக மூடிக்கொள்கிறது. வயிற்று அமிலம் மேலே ஏறி நெஞ்சை எரிக்கிறது, அதனால்தான் குடிக்கவில்லை, அமிலத்தை அடக்கினால் சரியாகிவிடும் என்று உறவினரும் மருந்துக்கடைக்காரரும் யூடியூபும் ஒரே குரலில் சொல்கிறார்கள். சில நாளில் ஒரு சொட்டு மருந்து வீட்டுக்கு வந்துவிடுகிறது. கேட்பதற்குப் பொருத்தமான விளக்கம்தான். ஆனால் இந்த நூற்றாண்டில் அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் அது நிற்கவில்லை. எதுக்களிக்கிற, பால் குடிக்க மறுக்கிற குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நாம் கவனிக்க வேண்டியது பால் கொடுக்கும் விதத்தையும் அந்த நேரத்தில் நடக்கும் போராட்டத்தையும்தான். அமில மருந்து அந்தப் போராட்டத்தை நிறுத்துவதில்லை. வற்புறுத்திப் புகட்டுவது அதை வளர்த்தே விடுகிறது.

பால் ஏன் மேலே வருகிறது என்பதில் தொடங்கலாம். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. அது அவ்வப்போது தானாகத் தளரும், பெரியவர்களுக்கும் தளரும். நமக்கு உணவுக்குழாய் நீளம், சாப்பாடு கெட்டி, பகலெல்லாம் நிமிர்ந்திருக்கிறோம். கைக்குழந்தைக்கு இவை மூன்றும் நேர்மாறு. அதோடு அளவையும் பாருங்கள். ஐந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 150 மில்லி என்ற கணக்கில் 750 மில்லி பால் தேவை. அதே விகிதத்தில் அறுபது கிலோ மனிதர் குடிப்பதானால் ஒன்பது லிட்டர் குடிக்க வேண்டும். அவருக்கும் எதுக்களிக்கத்தான் செய்யும். அமெரிக்காவில் சிகாகோ பகுதிக் குழந்தைகளைப் பற்றி 1997-ல் வெளிவந்த ஆய்வில், முதல் மூன்று மாதத்தில் பாதிக் குழந்தைகள் தினம் ஒரு முறையாவது பாலைக் கக்கினார்கள். நாலாம் மாதத்தில் அது 67 சதவீதமாக ஏறியது. பத்து மாதத்துக்கு மேல் 5 சதவீதத்துக்கு இறங்கியது. பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் இது நின்றுவிடும் என்கிறது. கக்குகிற பிள்ளை தக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. கண்டு தெரிந்து சொன்னது.

‘பாலோடு அமிலமும்தானே வருகிறது, அது எரிக்காதா?’ என்ற கேள்வி நியாயமானது. வயிற்றில் இறங்கிய பால், அமிலத்தின் வீரியத்தைத் தணித்துவிடுகிறது. ஒவ்வொரு முறை பால் குடித்த பிறகும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு இரைப்பையில் உள்ளது பெரும்பாலும் அமிலத்தன்மை குறைந்த கலவைதான். இரண்டு மூன்று மணிக்கொரு தரம் பால் குடிக்கும் குழந்தை குடித்தவுடன் கக்குவது பெரும்பாலும் வெறும் பால். சரி, எரிச்சல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம்; அமிலத்தை அடக்கினால் அழுகை குறைய வேண்டுமல்லவா? ஆஸ்திரேலியாவில் ஓயாமல் அழுத 30 குழந்தைகளுக்கு ஒமெப்ரசோல் என்ற அமில அடக்கியையும் மருந்தே கலக்காத போலி மருந்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து அமிலத்தைக் குறைத்தது; அழுகையைப் பொறுத்தவரை மருந்துக்கும் போலி மருந்துக்கும் வித்தியாசமில்லை. நாளாக நாளாக இரண்டிலும் அழுகை குறைந்தது. பால் குடிக்கும்போதும் குடித்த ஒரு மணி நேரத்துக்குள்ளும் அழுகிற 162 குழந்தைகளை மட்டுமே தேர்ந்தெடுத்துச் செய்த ஆய்வு ஒன்று 2009-ல் வந்தது. லான்சோபிரசோல் என்ற அமில அடக்கியைப் பெற்றவர்களில் 54 சதவீதம் பேர் தேறினார்கள். போலி மருந்து பெற்றவர்களிலும் அதே 54 சதவீதம்.

மருந்து கொடுத்த வாரத்தில் தன் குழந்தை தேறியதைக் கண்ணால் பார்த்த தாய்க்கு இந்த எண்கள் நம்பும்படியாக இருக்காது. ஆனால் அந்தப் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் எந்த மருந்தும் இல்லாமலேயே அதே வாரங்களில் தேறியிருக்கிறார்கள் என்பதுதான் இதில் முக்கியமான செய்தி. ‘கொடுத்துத்தான் பார்ப்போமே, என்ன கெட்டுவிடும்?’ என்பது அடுத்த வாதம். அதே 2009 ஆய்வில் மருந்து பெற்ற பிரிவில் பத்துக் குழந்தைகளுக்குக் கடுமையான பாதிப்பு வந்தது. அவற்றில் நுரையீரல் தொற்று முக்கியமானது. போலி மருந்துப் பிரிவில் அந்த எண்ணிக்கை இரண்டு. அமிலம் உணவோடு வரும் கிருமிகளைக் கொல்லும் காவலும்கூட என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அமெரிக்க ராணுவக் குடும்பங்களின் எட்டரை லட்சம் குழந்தைகளின் பதிவுகளை அலசிய 2019 ஆய்வில், ஒரு வயதுக்குள் இவ்வகை மருந்து பெற்றவர்களுக்கு எலும்பு முறிவு 23 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. பதிவுகளை வைத்துச் சொல்வது என்பதால் மருந்துதான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. காரணமில்லாமல் கொடுக்கக்கூடாது என்று சொல்ல அது போதும். நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் டோம்பெரிடோன் என்ற வாந்தித் தடுப்பு மருந்துக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும் ஆபத்து உண்டு என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014-லேயே அதன் பயன்பாட்டைச் சுருக்கியது. ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் குடல்நல மருத்துவர் சங்கங்கள் 2018-ல் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறையும், மற்றபடி நலமாக இருக்கும் குழந்தைக்கு அழுகைக்காகவோ கக்குவதற்காகவோ அமில அடக்கி தர வேண்டாம் என்கிறது.

அப்படியானால் குழந்தை ஏன் குடிக்க மறுக்கிறது? தொடக்கத்தில் ஏதோ ஒன்று பாலையும் துன்பத்தையும் முடிச்சுப் போட்டிருக்கலாம். மூக்கடைப்பு, வாய்ப்புண், வேகமாகப் பீறிட்டுத் தொண்டையை அடைத்த பால், குறைமாதத்தில் மூக்கில் இருந்த குழாய், சிலருக்கு உண்மையிலேயே நெஞ்செரிச்சல். அது ஒரு வாரத்தில் போயிருக்கும். அந்த ஒரு வாரத்தில் குழந்தை குறைவாகக் குடித்ததும் வீடு பதறுகிறது. தலையைத் திருப்பினால் பின்னாலேயே புட்டி போகிறது. கை தட்டிவிட்டால் கையைப் போர்வைக்குள் சுற்றுகிறார்கள். வாயை மூடினால் அழும்போது திறக்கும் வாயில் பாலாடையால் ஊற்றுகிறார்கள். இதில் குழந்தை கற்றுக்கொள்வது, பால் வந்தால் மூச்சு முட்டும், மடியில் படுக்க வைத்தால் சண்டை தொடங்கும் என்பதைத்தான். பிறகு புட்டியைப் பார்த்தாலே, பால் கொடுக்கும் நிலையில் சாய்த்தாலே அழுகிறது. தூங்கும்போது மட்டும் அரைத்தூக்கத்தில் நன்றாகக் குடிக்கிறது. இந்தக் கடைசி அடையாளத்தைக் கவனியுங்கள். விழித்திருக்கும்போது மறுத்து, தூக்கத்தில் அமைதியாகக் குடிக்கும் குழந்தைக்கு விழுங்குவதில் வலி இருக்க வாய்ப்புக் குறைவு. எரிச்சலில் தொடங்கிய மறுப்பானாலும், எரிச்சல் போன பிறகும் நினைவு நிற்கிறது. அமில மருந்தால் அந்த நினைவைத் தொட முடியாது.

குழந்தை தன் பசியையும் நிறைவையும் நமக்குச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. பசி தொடங்கும்போது அழுவதில்லை. வாயைச் சப்புகிறது, கையை வாய்க்குக் கொண்டுபோகிறது, கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறக்கிறது. குடிக்கத் தொடங்கும்போது அதன் விரல்கள் முஷ்டியாக மூடியிருக்கும். வயிறு நிறைய நிறைய ஒவ்வொன்றாக விரிந்து, உள்ளங்கை தளர்ந்து திறந்துவிடும். உறிஞ்சும் வேகம் குறையும், உதடு நெகிழும், முகம் திரும்பும். இதைப் பார்த்து அங்கேயே நிறுத்துவதுதான் வைத்தியத்தின் முதல் படி. இன்னும் முப்பது மில்லி மீதம் இருக்கிறதே என்று புட்டியை ஆட்டி மறுபடி வாயில் வைக்கும் அந்த ஒரு கணத்தில் பல வீடுகளில் சிக்கல் பிறக்கிறது.

‘பழியை அமிலத்திடமிருந்து எடுத்துத் தாயின் தலையில் வைக்கிறீர்களா?’ என்று யாரும் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். வற்புறுத்தல் முதலில் விழுவது தாயின் மேல். தராசு, பால்மாவு டின்னின் முதுகில் அச்சிட்ட அளவுப் பட்டியல், ‘பிள்ளை இளைச்சுப் போச்சே’ என்று வாசலிலேயே சொல்லும் விருந்தாளி, பக்கத்து வீட்டுக் கொழுகொழு குழந்தை, தூக்கமில்லாத இரவு இத்தனையும் சேர்ந்து அவர் கையில் புட்டியைத் திணிக்கின்றன. மறுக்கும் குழந்தையின் எதிரே உட்கார்ந்திருப்பதைப் போல் மனதை உடைக்கும் வேலை குறைவு. அவரிடம் ‘கட்டாயப்படுத்தாதே’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது கொடுமை. எது போதும் என்று தெரிந்தால்தான் அவரால் நிறுத்த முடியும். முதல் மூன்று மாதம் நாளுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் எடை கூடும். அதன் பிறகு வேகம் இயல்பாகவே குறையும். ஐந்து மாத வாக்கில் பிறந்த எடை இரட்டிக்கும், ஒரு வயதில் மும்மடங்காகும். நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று பொருள். நாலாம் மாதத்தில் மூன்று ஒன்றாக வருகின்றன: எடை ஏறும் வேகம் தணிகிறது, கக்குவது உச்சத்தைத் தொடுகிறது, குழந்தை சுற்றிலும் பார்க்கத் தொடங்கி மின்விசிறிக்கும் குரலுக்கும் பாலை விட்டுத் திரும்புகிறது. இந்த மூன்றையும் சேர்த்து நோய் என்று படிப்பது எளிது. தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டில் புள்ளிகள் தன் பாதையிலேயே ஏறிக்கொண்டிருந்தால், குழந்தை தனக்கு வேண்டியதைக் குடித்துவிட்டது.

கை வைக்க வேண்டிய இடங்கள் பல உண்டு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் காற்றையும் சேர்த்து விழுங்கும்; கருவட்டமும் வாய்க்குள் போக வேண்டும். பால் பீறிட்டு வருகிறவர்கள் முதல் பீய்ச்சலைத் துணியில் விட்டுவிட்டு, தாங்கள் பின்னால் சாய்ந்துகொண்டு குழந்தையை மேலே கிடத்திக் கொடுக்கலாம். கக்குகிறது என்பதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. புட்டியில் கொடுப்பவர்கள் மாவையும் தண்ணீரையும் சரியாக அளக்கிறோமா, நாள் மொத்தம் எடைக்கு மிஞ்சுகிறதா, ரப்பரின் துளை பெரிதா என்று பார்க்க வேண்டும். புட்டியைச் செங்குத்தாகக் கவிழ்க்காமல் கிடையாகப் பிடித்தால் குழந்தை தன் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திக் குடிக்கும். பாலைக் கெட்டியாக்கும் பொருளைச் சேர்ப்பது பற்றி எட்டு ஆய்வுகளை, 637 குழந்தைகளை, திரட்டிப் பார்த்த 2017 காக்ரேன் தொகுப்பு, புட்டிப்பால் குழந்தைகளுக்கு நாளுக்கு இரண்டு முறை அளவுக்குக் கக்குவது குறைவதாகச் சொல்கிறது. அதையும் மருத்துவர் சொல்லித்தான் சேர்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் வீட்டில் கேழ்வரகுக் கூழைக் கரைத்து ஊற்ற அது அனுமதி ஆகாது. குடித்ததும் இருபது முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருந்தால் பலருக்கு வழிவது குறைகிறது.

சில பழக்கங்களைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். பால் குடிக்காத குழந்தையை உரம் விழுந்திருக்கிறது என்று தலைகீழாகப் பிடித்து உலுக்குவது, தொக்கம் எடுக்கக் கூட்டிப்போவது, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊற்றுவது எல்லாமே உயிருக்கு ஆபத்து. எதுக்களிக்கும் என்று பயந்து தலைக்குத் தலையணை வைப்பதும் பலனற்றது. மல்லாக்க, சமமான கெட்டிப் படுக்கையில் தூங்க வைப்பதுதான் கக்கும் குழந்தைக்கும் பாதுகாப்பு. சரிவான குழந்தைப் படுக்கைகளில் மூச்சுத் திணறி இறப்புகள் நேர்ந்ததால் அமெரிக்கா 2022-ல் சட்டம் போட்டே அவற்றின் விற்பனையைத் தடுத்தது. தூளியில் குழந்தையின் முகவாய் மார்பில் படியும்படி உடல் மடங்குவதால், குறிப்பாகச் சின்னஞ்சிறு குழந்தையைப் பார்வைக்கு எட்டாத இடத்தில் அதில் நெடுநேரம் விடக்கூடாது.

இத்தனை சொன்ன பிறகும் உண்மையான நோய் உள்ள குழந்தைகள் இருக்கிறார்கள். உணவுக்குழாயில் புண் விழுந்தவர்கள், பிறவிக் குறைக்காக உணவுக்குழாயில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், மூளை பாதிப்பு உள்ளவர்கள். இவர்களுக்கு அமில மருந்து தேவைப்படலாம். கொடுப்பதில் தயங்கவும் கூடாது. பச்சை நிறத்தில் வாந்தி, ரத்தம் கலந்த வாந்தி அல்லது மலம், பிறந்த சில வாரங்களில் தொடங்கிப் பீய்ச்சி அடிக்கும் வாந்தி, வயிறு உப்பல், காய்ச்சலோடு துவண்டு கிடப்பது, பால் குடிக்கும்போது நீலம் பாரிப்பது, எடைக்கோடு கீழே சரிவது, ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் வாந்தி ஆகியவற்றில் எதைக் கண்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்; பச்சை வாந்திக்கு விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. பசும்பால் புரத ஒவ்வாமை இன்னொரு வேடதாரி. அதே அழுகை, அதே மறுப்பு. கூடவே தோலில் தடிப்போ மலத்தில் சளியோ ரத்தமோ இருக்கலாம். ஐயம் வலுவாக இருந்தால் தாய் இரண்டு முதல் நாலு வாரம் காபியில் சேரும் பால், தயிர், மோர் உட்படப் பால் பொருள்களை விட்டுப் பார்க்கலாம். மாற்றம் இல்லையென்றால் மறுபடி சாப்பிடத் தொடங்கிவிட வேண்டும். ஏற்கெனவே பத்தியத்தில் வாடும் தாயின் தட்டிலிருந்து இன்னொன்றைக் காரணமின்றி எடுக்கக் கூடாது.

குழந்தைகள் உண்ண மறுப்பதைத் தனிக் கோளாறாக வரையறுத்து 2019-ல் நிபுணர் குழு ஒன்று வெளியிட்ட ஆவணம், உடல்நோய், ஊட்டச்சத்து, உண்ணும் திறன், மனமும் உறவும் என்ற நாலையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் இது நடக்காது, சீட்டு எழுதுவதுதான் நடக்கும் என்பது மருத்துவர்கள் தரப்பின் நேர்மையான வாதம். ஆனால் ஒரு வேளை பால் கொடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க மருத்துவரே வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற செவிலியர், கிராம சுகாதார செவிலியர், தாய்ப்பால் ஆலோசகர் யாரும் பார்க்கலாம். கவ்வுவது, வேகம், பிடிக்கும் கோணம், நிறுத்தும் கணம் எல்லாம் அந்த ஒரு வேளையிலேயே தெரிந்துவிடும். விழுங்கும்போது இருமலும் புரையேறலும் இருந்தால் அங்கிருந்தே பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளரிடம் அனுப்பலாம். தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுபோகும் நாளிலேயே, எடை போட்ட கையோடு, ‘நான் பால் கொடுக்கிறேன், கொஞ்சம் பாருங்கள்’ என்று கேட்கத் தாய்க்கு உரிமை இருக்கிறது.