வெண்புள்ளியும் ஒளிக்கருவியும்

புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளம் போன்ற ஊர்களில், குழந்தையின் முன்பல்லில் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு வெண்புள்ளி தென்படுமாயின், வலியில்லை, குழியுமில்லை என்ற காரணத்தால் பெற்றோர் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், எனாமல் என்று நாம் வழங்கும் பற்சிப்பி தன் தாதுப்பொருளை இழக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே முதல் அறிகுறியாக இருக்கக்கூடும்.

நம் சரீரத்திலேயே மிகக் கடினமான வஸ்துவாகிய பற்சிப்பி, எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 96 பங்கு தாதுவால் ஆனது. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைப் புளிக்கச் செய்து விளைவிக்கும் அமிலம் அதன் ஸ்படிகங்களுக்கிடையே சூக்ஷ்மமான துவாரங்களை உண்டாக்க, அவற்றில் நீரும் காற்றும் புகுந்துகொள்ள, பற்சிப்பிக்கு 1.62, நீருக்கு 1.33, காற்றுக்கு 1 என்று ஒளிவிலகல் எண் மாறுபடுவதனால், உட்செல்ல வேண்டிய கிரணங்கள் சிதறி அவ்விடம் வெளுத்துத் தோன்றுகிறது. பல் வைத்தியர் காற்றை ஊதிப் பல்லை உலர்த்திவிட்டுப் பார்ப்பதன் ரகசியமும் இதுதான். துவாரத்து நீர் வெளியேறிக் காற்று நிரம்பியதும் மறைந்திருந்த புள்ளியும் வெளிப்பட்டுவிடும்.

சென்னையில் கல்வி பயின்ற சி. வி. ராமன், ஒளிச்சிதறல் பற்றிய தம் கண்டுபிடிப்பைக் கல்கத்தாவிலிருந்து உலகுக்கு அறிவித்த அதே 1928-இல், அமெரிக்காவில் பெனடிக்ட் என்பவர் புற ஊதாக் கதிரில் பற்கள் ஒளிர்வதைப் பற்றி எழுதினார். அவ்வொளிர்வையே பயன்படுத்தும் இன்றைய கருவி நீல ஒளியைப் பாய்ச்சி, வடிகண்ணாடியின் வழியே படமெடுக்கிறது. பச்சையாக ஒளிரும் பல்லில் தாதுவிழந்த இடம் மட்டும் இருண்டு நிற்க, அந்த இருளின் அளவைக் கணினி எண்ணாகவே கூறிவிடும். 1310 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிருக்கோ பற்சிப்பி பெரும்பாலும் வழிவிடுவதால், இரு பற்களுக்கு நடுவிலுள்ள சொத்தையையும் எக்ஸ்ரே இன்றியே காண முடிகிறது.

வெண்மையெல்லாம் சொத்தையன்று. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில், நீரிலுள்ள மிகுதியான ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுப்பதை 1937-இல் ஷார்ட் முதலிய மருத்துவர்கள் விவரித்தார்கள். இன்று தருமபுரி அத்துன்பத்தை நன்கறியும். ஃப்ளோரைடு வெண்மை இருபுறத்துப் பற்களிலும் ஒரேவிதமாகப் படரும். சொத்தையின் வெண்மை ஈறோரத்தில், அழுக்குத் தங்குமிடத்தில் விழும். நீல ஒளிக் கருவி இரண்டையும் இருளாகவே காட்டுமாதலால், பகுத்தறிவது வைத்தியருடைய பொறுப்பே என்பது என் திடமான அபிப்பிராயம்.

புதுக்கோட்டையில் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றிருக்கிறது. இத்தகைய காமிரா ஒன்று அங்கிருந்து அரிமளத்துப் பள்ளிகளுக்கு வந்துபோகுமானால், குழி விழுமுன்பே ஃப்ளோரைடுப் பூச்சிட்டு, சில மாதங்கள் கழித்து அதே பல்லை மறுபடியும் படமெடுத்து ஒப்பிடலாம். இருள் குறைந்திருந்தால், உமிழ்நீரின் கால்சியமும் பாஸ்பேட்டும் அத்துவாரங்களில் மீண்டும் படிந்துவருகின்றன என்று பொருள், அப்பல்லைக் குடைய வேண்டியதில்லை.