பேசாமலே சிரிக்க வைத்த ‘பேசும் படம்’

சிரிப்புப் படம் எடுப்பவருக்கு முதல் பத்து நிமிடம்தான் சோதனை. டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர் இடம் தேடி உட்கார்ந்து, பக்கத்து ஆளோடு பேச்சை முடித்து நிமிர்வதற்குள் அவரைக் கதைக்குள் இழுத்துவிட வேண்டும். வழக்கமாக இதற்கு வசனம் கைகொடுக்கும். வசனமே இல்லையென்றால்?

நமது பெங்களூரில் எடுக்கப்பட்டு, 1987 நவம்பரில் கன்னடத்தில் ‘புஷ்பக விமானா’ என்று வெளிவந்த படத்துக்கு நேர்ந்த சோதனை இதுதான். தமிழில் அதற்குக் குறும்பாகப் ‘பேசும் படம்’ என்று பெயர் வைத்தார்கள். கமலஹாசனும் அமலாவும் நடித்த இந்தப் படத்தை இயக்கியவர் சிங்கீதம் சீனிவாசராவ்.

1931-ல் ‘காளிதாஸ்’ வந்தது முதல் வசனத்துக்கே பழகிய காது நம்முடையது. ‘எப்போது பேசுவார்கள்?’ என்று ரசிகர் காத்திருக்க ஆரம்பித்தால் படம் தொலைந்தது. அந்த எண்ணமே எழாமல் செய்ததுதான் தொடக்கக் காட்சிகளின் சாமர்த்தியம்.

வரிசையில் பேச்சு எதற்கு?

வேலையில்லாப் பட்டதாரி ஒருவன் லாட்ஜின் சின்ன அறையில் குடியிருக்கிறான். காலையில் குளியலறைக்கு வரிசை. வெளியே போனால் வேலைக்கு வரிசை. தனி அறையில் இருப்பவன் யாரோடு பேசுவான்? முன்பின் தெரியாதவர்களோடு வரிசையில் நிற்பவனும் வாய் திறப்பதில்லை. ரயில்வே கவுண்ட்டரில் தினமும் வரிசைகளைப் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிற்பவர்களின் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். பேச்சு தேவைப்படாத இடங்களாகப் பார்த்து இயக்குநர் கதையைத் தொடங்கியதால், பேச்சு இல்லாத குறையே தெரியவில்லை.

அடுத்தது பிச்சைக்காரர் காட்சி. இளைஞன் தன்னிடமுள்ள நாணயத்தைப் பெருமையாகக் காட்டுகிறான். பிச்சைக்காரர் விடுவாரா? தன்னுடைய சேமிப்பை எடுத்துக் காட்டித் தோற்கடிக்கிறார். படித்தவன் நிலைமை பிச்சைக்காரருக்கும் கீழே! பக்கம் பக்கமாக வசனம் எழுதியிருந்தாலும் இவ்வளவு சுருக்கென்று தைத்திருக்காது.

பேச்சுதான் இல்லையே தவிர, சத்தம் நிறைய உண்டு. அவன் அறைக்குப் பக்கத்தில் சினிமாக் கொட்டகை. இரவெல்லாம் சண்டைக் காட்சியின் இரைச்சல். பின்னால் பெரிய ஓட்டல் அறையின் அமைதியில் அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. அந்த இரைச்சலைப் பதிவு செய்து வந்து, போட்டுக் கேட்டபடி தூங்குகிறான்! கண்ணோடு காதையும் ஆரம்பத்திலேயே பழக்கிவிட்டதால் இந்த இடத்தில் சிரிப்பு அள்ளிக்கொண்டு போகிறது.

ஒரே நொடியில் சிரிப்பு

அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையம் வாசகர்களுக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும். வீட்டில் ஒரு பாஷை, கடையில் ஒரு பாஷை, ஆபீசில் ஒரு பாஷை என்று வாழ்கிறவர்கள் நாம். தமிழ்ச் சிரிப்புப் படத்துக்குக் கன்னட நண்பரை அழைத்துப் போனால், நாம் சிரித்து முடித்த பிறகு அவருக்கு விளக்க வேண்டும். அதற்குள் அடுத்த சிரிப்பு போய்விடும். இந்தப் படத்துக்கு விளக்கம் தேவையில்லை. இரண்டு பேரும் ஒரே நொடியில் சிரிக்கலாம்.

பேசும் படங்கள் வந்த பிறகும் 1931-ல் சார்லி சாப்ளின் ‘சிட்டி லைட்ஸ்’ படத்தை வசனமின்றி எடுத்தார். அதன் முதல் காட்சி ஒரு சிலை திறப்பு விழா. பிரமுகர்களின் சொற்பொழிவு வெறும் கீச்சுச் சத்தமாகக் கேட்கிறது. திரையை விலக்கினால் சிலையின் மடியில் சாப்ளின் தூங்கிக்கொண்டிருக்கிறார்!

மூடி வைத்த சிலையைப் பற்றி அல்சூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏரிப் பக்கம் 1991-ல் வைத்த திருவள்ளுவர் சிலை, மொழித் தகராறால் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ம் தேதிதான் திறக்கப்பட்டது. அத்தகராறுகளுக்கு முன்பே, தமிழ் நடிகர் நடித்த கன்னடப் படம் ஒன்று இரு மொழிக்காரர்களையும் சேர்ந்து சிரிக்க வைத்தது. ஒரு பாஷையும் பேசாமலே அது நடந்தது என்பதை மறக்காமல் இருப்பது நல்லது.