பொறுப்புகள் இடம் மாறிய ஆண்டு

துணையும் தலைமையும் – 9

தலைமைப் பண்பு ஒருவருக்குப் பிறவியிலேயே அமைந்துவிடும் தனிச்சொத்து என்ற எண்ணம் நெடுங்காலமாக நிலவிவந்திருப்பதால், துணிவு, நாவன்மை, நினைவாற்றல், உழைப்பு என்று தனிமனிதக் குணங்களை எடுத்துரைப்பதோடு வாழ்க்கை வரலாறுகள் பலவும் நின்றுவிடுகின்றன. பணியிடங்களில் மூத்தோருக்கும் இளையோருக்கும் இடையே உருவாகும் உறவுகளை நெருங்கி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் கேத்தி கிராம், 1985-இல் வெளியிட்ட நூலில், அவ்வுறவுகளின் வழியே கிடைக்கும் ஆதரவை இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். பொறுப்புகளைத் தேடித் தருதல், பலர் அறிய முன்னிறுத்துதல், கடினமான பணிகளை நம்பி ஒப்படைத்தல், தாக்குதல் வரும்போது காத்தல் ஆகியவை தொழில்சார் ஆதரவு. முன்மாதிரியாக விளங்குதல், உள்ளபடியே ஏற்றுக்கொள்ளுதல், கலந்துபேசுதல், நட்புப் பாராட்டுதல் ஆகியவை உளம்சார் ஆதரவு. இவ்வுறவு தொடக்கம், வளர்ச்சி, பிரிவு, மறுவரையறை என்னும் நான்கு கட்டங்களைக் கடக்கிறது என்பதும் அவருடைய முடிவாகும். மறுவரையறை என்பது, வளர்த்தவரும் வளர்ந்தவரும் பழைய ஏற்றத்தாழ்வை விடுத்து ஏறத்தாழச் சமமானவர்களாகப் பழகத் தொடங்கும் நிலை. வளர்த்தவரின் தன்முனைப்பு கடும் சோதனைக்கு உள்ளாவது இந்த இறுதிக் கட்டத்தில்தான். தமிழக அரசியலில் இக்கட்டத்தை முழுமையாகக் காட்டும் உறவு சத்தியமூர்த்திக்கும் காமராஜருக்கும் இடையே நிலவிய உறவேயாகும்.

புதுக்கோட்டையை அடுத்த திருமயத்தில் 1887-இல் பிறந்த சத்தியமூர்த்தி, வழக்கறிஞர். ஆங்கிலத்திலும் தமிழிலும் அவையைக் கட்டிப்போடும் பேச்சாளர். சட்டசபைக்குள் நுழைந்து ஆங்கிலேய ஆட்சியை எதிர்க்க வேண்டும் என்ற சுயராஜ்யக் கட்சியின் கொள்கையில் ஊன்றி நின்றவர். விருதுநகரில் 1903-இல் பிறந்த காமராஜரோ, சிறுவயதிலேயே தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தவர். இவரைத் தேச விடுதலை இயக்கத்திலிருந்து விலக்கும் எண்ணத்துடன் குடும்பத்தார் திருவனந்தபுரத்துக்கு அனுப்பியபோது, அங்கிருந்தபடியே வைக்கம் போராட்டத்தில் பங்கேற்றார். 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு அலிப்பூர் சிறைக்கு அனுப்பப்பட்டார். சாதி, கல்வி, பழகிய வட்டம் ஆகிய அனைத்திலும் வேறுபட்டு, வயதில் பதினாறு ஆண்டு இடைவெளியும் கொண்ட இருவரை நாட்டு விடுதலை என்னும் ஒரே நோக்கம் இணைத்தது என்று சொல்வது உண்மையே எனினும், முழு உண்மையாகாது. ராஜாஜியின் செல்வாக்கு மேலோங்கியிருந்த தமிழகக் காங்கிரசில் சத்தியமூர்த்திக்கு ஊர்தோறும் தொண்டர்களைத் திரட்டவல்ல அமைப்பாளர் தேவைப்பட்டார். தென்மாவட்டத் தொண்டர்களிடையே வேரூன்றி வந்த காமராஜருக்கு மாகாண அளவில் தம்மை முன்னிறுத்தக்கூடிய தலைவர் தேவைப்பட்டார். இருவருக்கும் தேவை இருந்தது என்பதால் உறவின் தூய்மை குறைந்துவிட்டதாகக் கருத வேண்டியதில்லை. ஒருவர் கொடுக்க மற்றவர் பெறுவதாக மட்டும் அமையும் உறவைவிட, இருவரும் கொடுத்துப் பெறும் உறவே நீடித்து நிற்கிறது.

காமராஜருக்குத் துணைநின்றவர் சத்தியமூர்த்தி ஒருவர்தாம் என்று எண்ணுவதும் தவறாகும். 1933-இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் அவரும் சிக்கவைக்கப்பட்டபோது, வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் அவருக்காக வாதாடி, குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று நிறுவினர். அன்று அத்துணை கிடைக்காதிருந்தால் அவருடைய பொதுவாழ்வு எத்திசையில் சென்றிருக்கும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஒருவரின் வளர்ச்சியை ஒரே வழிகாட்டியோடு பிணைத்துப் பார்க்காமல், அவரைச் சூழ்ந்திருக்கும் உறவுகளின் தொகுதியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கிராமும் வலியுறுத்தியுள்ளார்.

1936-இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானபோது காமராஜரைச் செயலாளராக்கினார். மேலே கூறிய தொழில்சார் ஆதரவின் கூறுகள் அனைத்தும் இந்த ஒரு நியமனத்தில் அடங்கியிருந்தன. மாவட்டத் தொண்டராக அறியப்பட்டிருந்தவர் மாகாணம் முழுவதும் சுற்றுப்பயணம் செய்யவும், கிளைக் கமிட்டிகளின் பூசல்களைத் தீர்க்கவும், தேர்தல் வேலைகளை ஒருங்கிணைக்கவும் வேண்டிய பொறுப்புக்கு உயர்ந்தார். 1937 தேர்தலில் சாத்தூர்த் தொகுதியிலிருந்து போட்டியின்றிச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டில் அமைந்த ராஜாஜி அமைச்சரவையிலோ சத்தியமூர்த்திக்கு இடம் கிடைக்கவில்லை. நெடுநாள் உழைப்புக்குப் பின் புறக்கணிக்கப்பட்ட தலைவர், தம் ஆதரவில் வளரும் இளையவரைக் கண்டு மனம் கசந்திருந்தாலும் வியப்பதற்கில்லை. கசப்பின்றி அவர் தம் கடமைகளைத் தொடர்ந்ததுடன், 1939-இல் சென்னை மாநகர மேயராகவும் பொறுப்பேற்றார்.

1940-இல் கமிட்டியின் தலைவர் தேர்தலில் ராஜாஜி அணியின் வேட்பாளரை எதிர்த்து நின்ற காமராஜர், மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அவருக்குக் கீழே செயலாளர் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் சத்தியமூர்த்தி. மேயர் பதவி வகித்தவரும், மத்திய சட்டசபையில் நாடறிந்த பேச்சாளருமான அவர், நான்கு ஆண்டுகளுக்கு முன் தாமே செயலாளராக்கியவரின் கீழ்ப் பணிபுரிய முன்வந்த இச்செயலைப் பெருந்தன்மை என்ற ஒரு சொல்லால் பாராட்டிக் கடந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால், அதன் விளைவைப் பார்க்கும்போது அது குணச்சிறப்பு மட்டுமன்று, தலைமையை உருவாக்கிய செயலுமாகும். மிகச் சிறிய பெரும்பான்மையில் வென்ற புதிய தலைவரின் அதிகாரம் எப்போது வேண்டுமானாலும் கேள்விக்கு உள்ளாகலாம் என்ற நிலையில், மூத்தவரே கீழே அமர்ந்து பணிபுரிந்தது அவ்வதிகாரத்துக்கு அணியினர் அனைவரின் ஏற்பையும் பெற்றுத் தந்திருக்கும். ஒதுங்கி நின்று வாழ்த்துவது எளிது. உடனிருந்து, தலைமையை விட்டுக்கொடுத்து, வேலையை மட்டும் தாங்கிக்கொள்வது மிகவும் அரிது.

இந்த ஏற்பாடு நீண்டகாலம் நடைபெறச் சிறைவாசம் இடம் தரவில்லை. 1942-இல் பம்பாயில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியபின் ஊர் திரும்பிய காமராஜர், அரக்கோணத்தில் ரயிலிலிருந்து இறங்கி, போலீசாரின் கண்ணில் படாமல் தொண்டர்களைச் சந்தித்துவிட்டுப் பின்னர் கைதாகி, 1945 வரை சிறையில் இருந்தார். சிறைப்பட்ட சத்தியமூர்த்தி உடல்நலம் சீர்குலைந்து 1943 மார்ச் 28 அன்று சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். 1947-இல் நாடு விடுதலை பெற்றபோது காமராஜர் முதலில் சத்தியமூர்த்தியின் இல்லத்துக்குச் சென்று தேசியக் கொடியை ஏற்றினார்.

துணைநின்றவரிடமிருந்து ஒருவர் பெறுவது வாய்ப்புகளை மட்டுமன்று. பதவியை எவ்வாறு கையாள்வது என்னும் பார்வையையும் சேர்த்தே பெறுகிறார். காமராஜரின் பிற்கால முடிவுகள் அனைத்துக்கும் சத்தியமூர்த்தியே காரணம் என்று சொல்வது மிகையாகும். இருப்பினும் 1954-இல் முதலமைச்சரானபோது காமராஜர் நடந்துகொண்ட விதத்தில் 1940-இன் சாயல் தெளிவாகத் தெரிகிறது. சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் தம்மை எதிர்த்து நின்று தோற்ற சி. சுப்பிரமணியத்தையும், அவருடைய பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் காமராஜர் தம் சிறிய அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். கல்வித் துறை சுப்பிரமணியத்திடமே இருந்தது. நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக ஊர்தோறும் பள்ளிகளுக்கு மக்களின் ஆதரவைத் திரட்டியதும், 1956-இல் மதிய உணவுத் திட்டம் விரிவடைந்ததும் இந்த ஆட்சியில்தான். முதலமைச்சர் தமக்குப் பின்னால் நிற்கிறார் என்ற உறுதி இல்லாத அதிகாரியால் அத்தகைய பணியைத் துணிந்து மேற்கொண்டிருக்க இயலாது.

கட்சிப் பணிக்காக மூத்த தலைவர்கள் பதவி விலக வேண்டும் என்று தாம் முன்வைத்த திட்டத்துக்கு இணங்க, 1963 அக்டோபர் 2 அன்று காமராஜர் முதலமைச்சர் பொறுப்பைத் துறந்தார். அப்பொறுப்பை ஏற்றவர், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவருக்கு எதிராகச் சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலம்.