தொலை ஒலி கேட்டல்

வானொலி என்றவுடன் பாட்டும் செய்தியும் நாடகமுமே பலர் நினைவுக்கு வரும். ஒலிபரப்பின் பொருளை இரண்டாவதாக வைத்து, அவ்வொலி எங்கிருந்து புறப்பட்டது, எவ்வழியாக நம் செவிக்கு வந்து சேர்ந்தது என்பதையே முதலாவதாக நாடும் கூட்டத்தாரும் உலகில் உளர். மூவாயிரம் கல் தொலைவிலிருந்து வரும் மெலிந்த ஒலியொன்று அரை நிமிடம் கேட்டு மறையுமாயின், அதனைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து அன்றிரவு மகிழ்ந்து உறங்குவர் அவர். யானும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவன். ஆண்டுதோறும் தை பிறந்தவுடன், கையில் உள்ள கருவிகள் யாவை, இவ்வாண்டில் கேட்கவேண்டுவன யாவை என வரைந்துகொள்ளுதல் எங்கள் வழக்கம். இவ்வாண்டின் வரைவை நம் கல்லூரி மாணவர் முன் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இதிற் கூறப்படும் வேலைகளிற் சில, அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கக் கூடாதன.

ஏன் எனில், கேட்கப்படும் பொருள்களே குறைந்துகொண்டு வருகின்றன. இலண்டனிலிருந்து 1941-ஆம் ஆண்டில் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு, 76 ஆண்டுகளுக்குப்பின் 2017 ஏப்ரல் 30-ஆம் நாளோடு முடிவுற்றது. அதே ஆண்டு சனவரி இறுதியில் ஆஸ்திரேலிய வானொலி சிற்றலையை விட்டு நீங்கியது. பிலிப்பைன்ஸ் தீவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலி 2018 சூனில் சிற்றலையை நிறுத்திற்று. 2025 மார்ச்சு மாதத்தில் அமெரிக்கக் குரலின் ஒலிபரப்புக்கள் பெரும்பாலும் ஓய்ந்தன. தமிழோசையைத் தேநீர்க் கடைகளிலும் திண்ணைகளிலும் கேட்டோர் நம் மாவட்டத்தில் எத்துணையோ பேர். எனினும், எந்தப் பருவத்தில் அது தெளிவாக வந்தது, எந்த இரவில் மங்கிற்று என்பதை நாள்வாரியாக எழுதிவைத்த குறிப்பேடு ஒன்றேனும் நம் பக்கத்தில் இருப்பதாக யான் அறியேன். கேட்டோர் நினைவோடு அது போகும்.

இனி, ஒலி வரும் வழியைச் சிறிது நோக்குவோம். 1901-ஆம் ஆண்டு டிசம்பரில், இங்கிலாந்தின் போல்டு என்னுமிடத்திலிருந்து அனுப்பப்பட்ட குறியை நியூபவுண்டுலாந்தில் தாம் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். நேர்க்கோட்டிற் செல்லும் அலை உருண்டையான நிலத்தைச் சுற்றி எவ்வாறு சென்றது என்ற வினா எழுந்தது. மேலே மின்தன்மை வாய்ந்த படலம் ஒன்று இருத்தல் வேண்டும் என்று ஹெவிசைடும் கென்னலியும் 1902-ஆம் ஆண்டில் தனித்தனியே கூறினர். ஆப்பிள்டன் என்பார் 1924-ஆம் ஆண்டில் அதனைச் சோதனையால் நிறுவி, 1947-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அயனி மண்டலம் என இக்காலத்தில் வழங்குவது அதுவே. ஞாயிற்றின் கதிர்களால் ஆக்கப்படுவது ஆதலின், அது பகலில் ஒருவகையாகவும் இரவில் வேறுவகையாகவும் இருக்கும். அதன் கீழ்ப்படலம் பகலில் மத்திய அலையை விழுங்கிவிடும்; இரவில் அப்படலம் மறையவே, அவ்வலை மேற்படலம் வரை சென்று திரும்பித் தொலை நாடுகளில் இறங்கும். அதனாற்றான் பகலிற் கேளாத நிலையங்கள் இரவில் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன.

ஞாயிறும் எந்நாளும் ஒரு தன்மைத்தன்று. ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் கரும்புள்ளிகள் பெருகித் தேய்கின்றன. நிகழும் சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது. அது உச்சக் காலத்தை எய்திவிட்டதென 2024 அக்டோபரில் அமெரிக்க அறிவியலார் அறிவித்தனர். அஃதாவது, இனி இறங்குமுகம். ஞாயிறு தளரும்போது முதலில் கைவிடப்படுவன 28 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய மிகச் சிறிய அலைகளே. 10 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பல ஆண்டு கழித்தும் கேட்கலாம். 28 மெகாஹெர்ட்ஸில் உலகைக் கேட்க விரும்புவோன் இப்பொழுதே கேட்டல் வேண்டும். தவறின் அடுத்த உச்சத்துக்குக் காத்திருத்தல் வேண்டும். இன்று முதலாண்டில் பயிலும் மாணவர் அப்பொழுது முப்பது வயதை நெருங்கியிருப்பர்.

நாம் வாழும் தென்கோடிக்கு வேறொரு சிறப்பும் உண்டு. காந்த நடுக்கோடு நமக்கு அண்மையிற் செல்கின்றது. தும்பாவை ஏவூர்தித் தளமாகத் தெரிந்தெடுத்ததும் இதுபற்றியே. அதன் பயனாக, ஞாயிறு மறைந்தபின் நம் தலைக்கு மேலுள்ள படலம் சில இரவுகளில் கொந்தளிக்கும். தொலை ஒலிகள் நீரில் ஆடும் நிழல்போல் நடுங்கிக் கேட்கும். பெட்டி பழுதுற்றதென அஞ்ச வேண்டுவதில்லை.

கருவிகளுக்கு வருவோம். பெரும் பொருள் செலவிட்டாலன்றி இவ்வேலை கைகூடாதென எண்ணுவோர்க்கு யான் எடுத்துக்காட்டுவது பால் காட்லி என்னும் அமெரிக்கரை. அமெச்சூர்களின் சிறு நிலையங்கள் அட்லாண்டிக் மாகடலைத் தாண்டிக் கேட்குமோ என அறிய 1921 பெப்ரவரியில் செய்த சோதனை வெற்றி பெறவில்லை. அவ்வாண்டு டிசம்பர்ச் சோதனைக்கென அமெரிக்க அமெச்சூர்களின் சங்கத்தார் காட்லியை ஸ்காட்லாந்துக்கு அனுப்பினர். அவர் ஆர்ட்ராசன் கடற்கரையில், குளிரிலும் மழையிலும், கூடாரத்துள் அமர்ந்து இரவெல்லாம் கேட்டார். அமெரிக்க நிலையங்கள் பலவற்றைக் குறித்தார். அவற்றுள் ஒன்றிலிருந்து முழுச் செய்தியொன்றையும் பெற்றார். அவர் பெட்டி அக்காலத்தில் மிகச் சிறந்தது என்பது மெய்யே. ஆனால், நிலத்தின்மேல் தாழ்வாக அவர் இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பியின் நீளம் 1300 அடி. பெட்டியைக் காட்டிலும் கம்பியும், கம்பியைக் காட்டிலும் அமைதியான இடமுமே தொலை ஒலிக்கு வேண்டுவன என்பதை யான் அவரிடமே கற்றேன்.

என் பெட்டி கையில் எடுத்துச் செல்லத்தக்க டெக்சன் பி.எல்.-660. மத்திய அலையும் சிற்றலையும் அதில் உண்டு, மோர்ஸ் குறியைக் கேட்பதற்குரிய ஒற்றைப்பக்க அலை வசதியும் உண்டு, மின்கலத்தால் இயங்கும். இதனொடு, தொலைக்காட்சிக்கென ஆக்கப்பட்டு, 2012-ஆம் ஆண்டளவில் அமெச்சூர்கள் வானொலியாக மாற்றிக்கொண்ட விரல் நீளக் கருவியொன்றையும் கணினியிற் செருகிப் பயன்படுத்துகிறேன். அலைவரிசை முழுவதையும் திரையில் ஓவியமாகக் காட்டுவது அது. காதுக்கு எட்டாத மெல்லிய குறி கண்ணுக்குக் கோடாகத் தெரிவது வியப்பே. ஆயினும் கண்ணாற் கண்டதைக் கேட்டதாக எழுதுதல் எங்களிடையே நேர்மையன்று.

கம்பியின் கணக்கு எளிது. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 28.2 மெகாஹெர்ட்ஸுக்கு அது 10.63 மீட்டர். அதிற் பாதியை எடுத்து, நூற்றுக்கு ஐந்து கழித்தால் 5.05 மீட்டர். ஒரு சேலையின் நீளமும் இல்லை. அதனை நடுவில் வெட்டி, இருபுறமும் ஏறக்குறைய இரண்டரை மீட்டராக நீட்டிக் கட்டி, வெட்டிய இடத்தில் கேபிள் தொலைக்காட்சிக்கு இழுக்கும் ஒயரின் உட்கம்பியை ஒரு புறத்தோடும் மேல்வலையை மறுபுறத்தோடும் இணைத்தல் வேண்டும். இத்தகைய கம்பியின் தடை 73 ஓம் அளவினது. அந்த ஒயரோ 75 ஓமுக்கென ஆக்கப்பட்டது. இரண்டும் பொருந்துவதற்கு யாதும் செய்ய வேண்டுவதில்லை. எவரேனும் கழற்றி எறிந்த ஒயரே போதும். ஒரு முனையை மொட்டைமாடிச் சுவரிலும் மறுமுனையைத் தென்னையிலும் கட்டியுள்ளேன். இடிமழைக் காலத்தில் ஒயரைப் பெட்டியினின்று கழற்றி வெளியே போட்டுவிடுதல் கட்டாயம்.

எல்லாவற்றினும் கொடிய பகை இரைச்சல். எல்.இ.டி. விளக்கு, கைப்பேசிச் சார்ஜர், இன்வெர்ட்டர் ஆகியவை விடும் மின் இரைச்சல் மெல்லொலிகளை மூழ்கடித்துவிடும். இதனைக் கண்டறியும் முறை யாதெனில், பெட்டியை மின்கலத்தில் இயக்கி, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கேட்பது. பின்னர் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே செல்வது. எதை ஏற்றியபோது இரைச்சல் குதித்தெழுகின்றதோ, அதுவே குற்றவாளி. என் வீட்டில் அது குழந்தையின் படுக்கையறை விளக்காக இருந்தது. விலை குறைந்த விளக்கு. தெருவெங்கும் மின்சாரம் நின்ற இரவுகளே எங்கட்குத் திருநாள். ஊரார் இருளை நொந்துகொள்ளும் பொழுதில், யான் பெட்டியுடன் மாடிக்கு விரைவேன். விடுதி மாணவர்க்கு இவ்வுரிமை இல்லையாதலின், விளையாட்டு மைதானத்தின் கோடியோ குளக்கரையோ தக்கதாகும்.

இனிக் குறிக்கோள்கள். முதலாவது, அமெச்சூர்கள் உலகெங்கும் நிறுவியுள்ள 18 குறியொலி நிலையங்களைக் கேட்பது. இவை 14.100, 18.110, 21.150, 24.930, 28.200 மெகாஹெர்ட்ஸ் ஆகிய ஐந்து அலைகளில் முறைவைத்து ஒலிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அலையில் 10 வினாடி; மூன்று நிமிடத்தில் பதினெட்டும் ஒரு சுற்று முடித்து மீண்டும் தொடங்கும். தன் பெயரை மோர்ஸில் கூறியபின், ஒரு வினாடி நீளமுள்ள நான்கு கோடுகளை ஒவ்வொரு நிலையமும் ஒலிக்கும். பெயரும் முதற்கோடும் 100 வாட், இரண்டாவது 10, மூன்றாவது 1, நான்காவது ஒரு வாட்டில் பத்திலொன்று. வீட்டின் சிறு இரவு விளக்கு எரிவதற்கும் போதாத ஆற்றல் அது. நான்காம் கோடும் கேட்குமாயின் வானம் திறந்து கிடக்கின்றதென அறியலாம். எத்தனை கோடு கேட்டது என்று எழுதினாலே ஓர் அளவை கிடைத்துவிடுகின்றது. இதனினும் சிக்கனமான ஆராய்ச்சிமுறையை யான் அறியேன். மோர்ஸ் அறியாதாரும் கடிகாரத்தைக் கொண்டே நிலையத்தை அறியலாம்.

இப்பதினெட்டில் ஒன்று கொழும்பில் உள்ளது. நமக்கு மிக அண்மையது. ஆயினும், நாம் கேட்பதற்கு அரியது. செங்குத்தாக மேலே செல்லும் உயர் அதிர்வெண் அலை படலத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும். சாய்வாகச் சென்றதே திரும்பும். திரும்பியதும் நெடுந்தொலைவிலேயே இறங்கும். இடைப்பட்ட வட்டத்திலுள்ளார்க்கு ஒன்றும் கேளாது. கென்யாவும் சப்பானும் தெளிவாக வரும் நேரத்தில், கடலுக்கு அப்பால் உள்ள அயல்வீடு வாய்திறவாதிருக்கும். அதனை ஐந்து அலைகளில் ஒன்றிலேனும் பிடிப்பது என் தனி ஆசை.

இரண்டாவது, மத்திய அலைக் கணக்கெடுப்பு. நம் நாடு உள்ளிட்ட ஆசியப் பகுதியில் 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை ஒன்பது ஒன்பதாக இடைவெளி விட்டு நிலையங்கள் அமைந்துள்ளன. எண்ணினால் சரியாக 120 இடங்கள். ஓரிரவில் நான்காக முப்பது இரவுகளில் முடித்துவிடலாம். மாலையில் ஒருமுறையும் விடியுமுன் ஒருமுறையும் கேட்டல் வேண்டும். மாலையில் கிழக்கு நமக்கு முன்னரே இருண்டுவிடுதலின் பர்மா, தாய்லாந்துப் பக்கத்து ஒலிகள் வரும். விடியலில் மேற்கு இன்னும் இருண்டிருத்தலின் அரபு நாடுகளும் கிழக்கு ஆப்பிரிக்காவும் வரும். அண்மை நிலையம் ஒன்று பெருங்குரலால் மறைக்குமாயின், பெட்டியை மெல்லத் திருப்புக. உள்ளிருக்கும் பெரைட் தண்டின் முனை அந்நிலையத்தை நோக்கும்போது அதன் குரல் ஒடுங்க, அடியில் புதைந்திருந்தது மேலெழும். இலக்கமுறை ஒலிபரப்பு இப்பெட்டியில் வெறுஞ் சீறலாகவே கேட்கும். அதனையும் குறித்தல் வேண்டும். ஒன்றும் கேளாத இடத்தில் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதுவதும் வேலையின் ஒரு பகுதியே. பத்தாண்டு கழித்து ஒப்புநோக்குவோர்க்கு அவ்வெற்றிடங்களே பெரும் செய்தி சொல்லும். தனி ஒருவனுக்கு இது நெடும்பணி. மாணவர் நால்வர் பங்கிட்டுக்கொண்டால் எட்டே நாள்.

மூன்றாவது சிறியது. 10 மெகாஹெர்ட்ஸில் அமெரிக்காவின் கொலராடோவும் ஹவாய்த் தீவும் சீனாவும் நேரக் குறியை ஒலிக்கின்றன. ஹவாயின் குரல் பெண்ணுடையது. கொலராடோவின் குரல் ஆணுடையது. இரண்டையும் ஒரே நிமிடத்தில் கேட்க வேண்டும்.

குறிப்பேட்டில் நாளும் உலக நேரமும், அஃதாவது நம் நேரத்தில் ஐந்தரை மணி கழித்தது, அதிர்வெண்ணும், கேட்டதன் தன்மையும், பயன்படுத்திய கம்பியும், ஐயமுற்றால் ஐயக்குறியும் இருத்தல் வேண்டும். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து வைத்தலும் நன்று. கேட்க மட்டுமே இவ்வளவும். குறி அனுப்ப விழைவோர் அரசினர் தேர்வெழுதி உரிமம் பெறல் வேண்டும்.

28.200-இல் முயல விரும்பும் மாணவர்க்கு: பெட்டியை மேற்பக்க அலையில் 28.199-இல் வைக்க. மணியின் தொடக்கத்திலிருந்து 1 நிமிடம் 10 வினாடியில் ஹவாய், அதற்குப் பத்துப் பத்து வினாடி கழித்து முறையே நியூசிலாந்து, மேற்கு ஆஸ்திரேலியா, சப்பான், சைபீரியா, ஹாங்காங் ஆகியவை ஒலிக்கும். 2 நிமிடம் 10 வினாடியில் கொழும்பு. அதன்பின் தென்னாப்பிரிக்காவும் கென்யாவும். சிலவேளை ஏதேனும் ஒரு நிலையம் பழுதுற்று ஓய்ந்திருத்தலும் உண்டு. என் ஏட்டில் அப்பக்கத்தில் இதுகாறும் பதினொரு பெயர்கள் உள்ளன. புவெனஸ் அயர்ஸ், லீமா, கராக்கஸ் என்னும் மூன்று தென்னமெரிக்க ஊர்களுக்கும், கொழும்புக்கும் எதிரே கோடு ஒன்றும் இடப்படவில்லை.