ஐந்தொகையில் தொழிலாளி எங்கே?

"காலம் மாறுகிறது, தொழிலும் மாறித்தான் ஆகவேண்டும்" என்கிறார்கள் ஆலை அதிபர்கள். நாம் மறுக்கவில்லை. மாட்டு வண்டி போய் மோட்டார் வந்தபோது உழைக்கும் வர்க்கம் மோட்டாரை மறித்து நிற்கவில்லை. அதை ஓட்டக் கற்றது. கைப்பேசி வந்தபோது தந்திக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழவில்லை. நாம் கேட்பது வேறு. மாற்றத்துக்கு ஆகும் செலவு யார் பற்றில் எழுதப்படுகிறது? அதனால் வரும் லாபம் யார் வரவில் ஏறுகிறது?

விடை தேடிச் சீமைப் புத்தகங்களைப் புரட்ட வேண்டியதில்லை. காரைக்குடியை அடுத்த அமராவதிபுதூருக்குப் போனால் போதும். தமிழறிஞர் ராய. சொக்கலிங்கனாரைத் தந்த ஊர். நகரத்தார் ஊர்களுள் ஒன்று. அந்த வட்டாரத்துப் பெரிய வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அந்தத் தேக்கை வாங்கிய தொழில் மட்டும் இல்லை.

பர்மாவில் நடந்தது என்ன?

1930-ஐ ஒட்டி பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவர்கள் லேவாதேவியில் போட்டிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்று அன்றைய அரசாங்க வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அந்நாளில் அது எவ்வளவு பெரிய தொகை!

இத்தனை கடைகளையும் முதலாளிகளே உட்கார்ந்து நடத்தவில்லை. பல கடைகளை நடத்தியவர் மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பலேறிப் போன ஏஜெண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள். அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். பெட்டியடிப் பையன் பேரேடு எழுதப் பழகி அடுத்தாள் ஆனான். அடுத்தாள் தேறி ஏஜெண்டு ஆனார். தவணை முடிந்தால் சம்பளத்தோடு லாபத்திலும் ஒரு பங்கு. ஆளைப் பழக்குவதும் தொழிலின் ஒரு பகுதி என்று அந்தக் கடைகள் அறிந்திருந்தன. இதை மனத்தில் வையுங்கள் தோழர்களே, பின்னால் வேண்டியிருக்கும்.

1929-ல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை பாதாளத்தில் விழுந்தது. கடன் திரும்பவில்லை, கடனுக்கு ஈடாக நிலம் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார் வசம் இருந்தது. 1938-ல் அது 25 பங்கு. நிலத்தை இழந்த பர்மிய உழவனின் கண்ணீரை மறைத்துவிட்டு இந்த வரலாற்றை எழுத நம்மால் முடியாது. அந்தக் கண்ணீர் அரசியலாயிற்று. 1942-ல் ஜப்பானியப் படை வந்தது. 1948-ல் விடுதலை பெற்ற பர்மா, நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் செய்தது. ஐந்தொகையில் சொத்து என்று எழுதியிருந்தது காற்றோடு போயிற்று.

விழித்தவர் பிழைத்தார்

எல்லோருமா வீழ்ந்தார்கள்? இல்லை. மூழ்குமுன் கரையைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பர்மாவின் மோல்மீனில் லேவாதேவி நடத்திய முருகப்பா குடும்பம், ஜப்பானியர் வருமுன்னே 1930-களில் தன் முதலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தது. 1949-ல் இங்கிலாந்து நிறுவனமொன்றோடு கூட்டுச் சேர்ந்து சைக்கிள் தொழிலில் இறங்கியது. வட்டித் தொழில் செய்தவர்களுக்கு இரும்புக் குழாய் தெரியுமா? தெரியாது. தெரிந்தவரோடு சேர்ந்து கற்றார்கள்.

எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் திறந்தார். தனி வீட்டுக் கடையின் இடத்தைப் பங்குதாரர் வங்கி பிடிக்கும் என்று கண்டவர் அவர். காரைக்குடி மெய்யப்பச் செட்டியார் இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து பேசும்படத்துக்கு நகர்ந்தார். போர்க்காலத்தில் சென்னையில் வசதி குறைந்தபோது காரைக்குடிக்கு அருகிலேயே ஸ்டுடியோ போட்டுப் படம் பிடித்தார்.

வள்ளல் அழகப்பரோ ஒருபடி மேலே போனார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்கு வரவழைத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் ஆய்வகம் திறக்கப்பட்டது. இன்று உலகமே லித்தியம் மின்கலத்தைத் தேடி ஓடுகிறது. அந்த மின்கலத் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு வழங்க இந்த ஆய்வகம் 2018-ல் ஒப்பந்தம் செய்தது.

பிழைத்தவர்கள் செய்தது இதுதான்: பழைய தொழில் லாபம் தரும்போதே அடுத்ததைத் தேடினார்கள், தெரியாததைக் கற்றார்கள். முதலைக் காப்பாற்ற இது போதும். ஆளைக் காப்பாற்றப் போதுமா?

ஸ்ரீபெரும்புதூர் சொல்லும் பதில்

2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் அங்கே நேரடியாக வேலை செய்தார்கள். கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் ஏராளம். பொத்தான் கைப்பேசியில் உலகை ஆண்ட நிறுவனம், தொடுதிரைக் கைப்பேசி வந்தபோது பின்தங்கியது. 2014-ல் அதன் கைப்பேசித் தொழில் மைக்ரோசாப்டுக்குக் கை மாறியது. வரி வழக்கில் சிக்கிய தமிழ்நாட்டு ஆலை மாறவில்லை. 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது.

காலத்தைக் கணிக்கத் தவறியது யார்? பின்லாந்தின் நிர்வாகம். வேலை இழந்தது யார்? காஞ்சிபுரத்துப் பெண்! அந்த ஆலையை வேறொரு நிறுவனம் எடுத்துக்கொள்வதாக 2019-ல் அறிவிப்பு வந்தது. கட்டடம் பிழைத்துக்கொண்டது. இடைப்பட்ட ஐந்தாண்டை அந்தப் பெண்ணுக்கு யார் திருப்பித் தந்தார்கள்?

இப்போது அடுத்த அலை வருகிறது. சைக்கிள் செய்த அதே முருகப்பா குழுமம் 2022-ல் மின்சார ஆட்டோவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நல்லது, புகை குறையட்டும். ஆனால் மின்சார வண்டியில் பிஸ்டன் இல்லை, கிளட்ச் இல்லை, சைலன்சர் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை. அம்பத்தூரிலும் கோவையிலும் லேத்தில் நின்று பெட்ரோல் வண்டிகளுக்கு உதிரிப் பாகம் கடையும் தோழன் நாளை எங்கே நிற்பான்?

பதினைந்து நாள் பயிற்சி!

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பைப் பாருங்கள். ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற கட்டாயம் முன்பு 100 தொழிலாளர் உள்ள ஆலைக்கே இருந்தது. இப்போது 300 பேர் இருந்தால்தான். ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு மறுபயிற்சி நிதி என்று ஒன்று உண்டு. அதற்கு முதலாளி தரவேண்டியது எவ்வளவு? பதினைந்து நாள் சம்பளம்!

பெட்டியடிப் பையன் தேறி வரத் தவணைக் கணக்கில் ஆண்டுகள் கொடுத்தது அந்நாளைய வட்டிக் கடை. இருபது ஆண்டு பெட்ரோல் எஞ்சினோடு பழகியவன் மின்மோட்டாருக்கு மாற, பதினைந்து நாள் கூலி போதும் என்கிறது இந்நாளைய சட்டம். கல்லாப்பெட்டிக்காரன் அறிந்திருந்ததைக்கூட நம் ஆட்சியாளர் அறியவில்லையா?

ஆகவே, நாம் கேட்பது மூன்று. ஒன்று: புதிய எந்திரம் வருமுன் திட்டத்தைத் தொழிற்சங்கத்தின் முன் வையுங்கள், வாசலில் நோட்டீஸ் ஒட்டுவது கலந்து பேசுவது ஆகாது. இரண்டு: மறுபயிற்சி வேலை நேரத்திலேயே, முழுச் சம்பளத்தோடு, ஆலை மூடுமுன் நடக்கட்டும். மூன்று: ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அந்தப் பயிற்சியில் இடம் வேண்டும், எந்த அலையிலும் முதலில் கரைக்கு வெளியே வீசப்படுபவன் அவன்தான்.

சங்கத் தோழர்களுக்கும் ஒரு சொல். உங்கள் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை வாங்கிப் படியுங்கள். புதிய முதலீடு எந்த எந்திரத்துக்குப் போகிறது, எந்தப் பிரிவுக்குப் போகவில்லை என்று பாருங்கள். பணம் போகாத பிரிவுதான் நாளை மூடப்படும் பிரிவு. காற்று மாறுவதை முருகப்பா குடும்பம் 1930-களில் கணக்கைப் பார்த்தே அறிந்தது. கணக்குப் படிக்கும் கலை முதலாளிக்கு மட்டும் உரியதன்று. இந்த மாதச் சங்கக் கூட்டத்திலேயே அதைத் தொடங்குங்கள்!