போதும் என்று சொல்வது யார்?

கருங்கல் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வாங்கியிருக்கிறீர்களா? 1880-களில் திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் ஆதரித்துப் பரப்பிய கிழங்கு அது. கருங்கல் அப்போது திருவிதாங்கூர்ச் சீமை. அவித்த கிழங்கும் மீன் கறியும் அறியாத வீட்டை இன்றும் அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அப்படி ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக் கொள்ளுங்கள். சர்க்கரை வியாதியுள்ள மாமி, தட்டைக் காலி செய்துவிட்டு, "மக்ளே, இன்னும் இத்திரி கிழங்கு வையி" என்கிறார். மருமகளுக்கு எரிச்சல். 'டாக்டர் அவ்வளவு சொல்லியும் வாயைக் கட்டத் தெரியவில்லையே!'

சற்றுப் பொறுங்கள், அம்மா. குற்றவாளி நாக்கு மட்டும்தானா?

கணையம் சுரக்கும் இன்ஸுலின், தசைகளின் கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே விடுகிறது. மூளைக்கு இந்த வாயில்காப்போன் அவசியமில்லை. அங்கே சர்க்கரை பெரும்பாலும் தானாகவே நுழைந்துவிடும். ஆகவே மூளைக்கும் இன்ஸுலினுக்கும் சம்பந்தமில்லை என்றே வெகு காலம் எண்ணியிருந்தார்கள். 1978-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் எலியின் மூளையைச் சோதித்தார்கள். இன்ஸுலின் வந்து ஒட்டிக்கொள்ளும் 'ஏற்பிகள்' அங்கே பரவலாக இருந்தன! வராத விருந்தாளிக்கு யாராவது வாசலில் மணி கட்டி வைப்பார்களா?

மணி என்பது பொருத்தமான பேச்சுத்தான். இரத்தத்தோடு மூளைக்கு வரும் இன்ஸுலின், நரம்பணுவின் வாசலிலுள்ள ஏற்பியைத் தொடுகிறது. உடனே உள்ளே ஒரு புரதம் இன்னொன்றின்மேல் பாஸ்பேட் என்ற முத்திரையைக் குத்தி எழுப்புகிறது. அது அடுத்ததை எழுப்புகிறது. இப்படிக் கைமாறிப் போகும் செய்தி, பசியை ஆளும் ஹைபோதலாமஸ் பகுதியில், 'சாப்பாடு ஆயிற்று, போதும்' என்று அர்த்தமாகிறது. 1979-ல் பபூன் குரங்குகளின் மூளையைச் சூழ்ந்த நீரில் இன்ஸுலினைச் சிறிது சிறிதாகச் செலுத்தினார்கள். அவை தீனியைக் குறைத்துக்கொண்டு இளைத்தும் போயின!

உடல் பருத்தவர்கள் பலருக்கு இந்த மணி மங்கலாகத்தான் கேட்கிறது. மாமி கேட்டது பேராசையால் அல்ல, மூளையின் காது மந்தத்தால் என்றும் இருக்கலாம். நினைவைப் பதிக்கும் பகுதியிலும் இதே ஏற்பிகள் உண்டு. நீரிழிவுக்காரர்களுக்கு முதுமையில் மறதி நோய் வரும் அபாயம் அதிகம். இரத்தக் குழாய்கள் கெடுவதும் அதற்கு ஒரு காரணம்; எல்லாப் பழியையும் இன்ஸுலின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

மந்தத்துக்கு மருந்துண்டா? ஜெர்மனியில் பருமனான சிலரை எட்டு வாரம் தேகப் பயிற்சி செய்ய வைத்தார்கள். மூளை மறுபடி இன்ஸுலினுக்குச் செவி சாய்த்தது என்று 2022-ல் அறிவித்தார்கள். ஆகவே கிழங்கை அளந்து வையுங்கள்; மாலையில் மாமியோடு நீங்களும் நடந்துவிட்டு வாருங்கள்.

இன்னொரு விஷயம். இன்ஸுலின் ஊசி போட்டுக்கொண்டவர் சாப்பிடத் தவறினால், இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து மூளை பட்டினி கிடக்கும். வியர்வை, நடுக்கம், குழறல் கண்டால், நினைவிருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.