'இஃப்' வந்தால் பயப்படாதீங்க!



இங்கிலீஷ் பரீட்சையில் 'இஃப்' கேள்வி வந்தாலே பாதிப் பேர் அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுறாங்க. அதை நம்ம பாலாற்றை வைத்தே சொல்கிறேன்.

'இஃப் இட் ரெயின்ஸ், த பாலார் வில் ஃப்ளோ.' மழை பெய்தால் பாலாறு ஓடும். இது நடக்கக்கூடியது. 2021 நவம்பரில் வெள்ளமே வந்ததே! 'இஃப்' பக்கம் நிகழ்காலம், மறுபக்கம் 'வில்'. அவ்வளவுதான்.

'இஃப் த ரிவர் வேர் க்ளீன், வி வுட் ட்ரிங்க் ஃப்ரம் இட்.' ஆறு சுத்தமாக இருந்தால் அதிலேயே குடிப்போம். ஆனால் சுத்தமாக இல்லை. இங்கேதான் குழப்பம். இன்றைய நிலையைச் சொல்ல எதுக்கு இறந்தகால 'வேர்'? (செடியின் வேர் இல்லை!) வெள்ளைக்காரரைத் திட்டாதீங்க, நாமும் அதைத்தான் செய்கிறோம். வந்தேன் - வந்தால், போனேன் - போனால், இருந்தேன் - இருந்தால். 'வருகிறால்' என்று யாராவது சொல்வோமா? நடக்காததைச் சொல்லத் தமிழும் நடந்து முடிந்த வடிவத்தையே எடுக்குது. தமிழில் எல்லா 'ஆல்'-க்கும் அப்படி. இங்கிலீஷில் உண்மையில்லாததுக்கு மட்டும்.

மூன்றாவது, கைவிட்டுப் போன காலம். 'இஃப் தே ஹேட் க்ளீன்ட் த வேஸ்ட் வாட்டர், அவர் வெல்ஸ் வுட் நாட் ஹேவ் டர்ன்ட் சால்ட்டி.' கழிவுநீரை அன்றே சுத்தம் செய்திருந்தால் கிணறுகள் உப்பாகியிருக்காது. 'ஹேட்' வந்தால் 'வுட் ஹேவ்'. தோல் ஷாப் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தோல் ஷாப்கள் உள்ள பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழானது என்ற கணக்கு அதில் இருக்கு. தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். மாசுபடுத்தினால் பணம் கட்டணும் என்பது நம் நாட்டுச் சட்டம் என்றும் சொன்னது. அதுவும் ஒரு 'இஃப்' தானே!

'ஐ விஷ்' என்பதும் இதே கணக்குதான். இப்போது இல்லாததுக்கு இறந்தகாலம், போனதுக்கு 'ஹேட்'. நாளைக்கு மழை வரணும் என்றால் 'விஷ்' வேண்டாம், 'ஐ ஹோப்' போடுங்க.

எங்க ஆயா அடிக்கடி சொல்லும்: "கெணத்துத் தண்ணி நல்லா இருந்திருந்தா நெலத்த வித்திருக்க மாட்டோம்." பள்ளிக்கூடமே போகாத ஆயாவுக்கு மூன்றாம் வகை 'இஃப்' தப்பில்லாமல் வருது! ஆனால் அம்மா இப்போ ஷூ கம்பெனியில் தையல் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் என் நோட்டு, பேனா. அதனால் தோல் ஷாப்பே இல்லாமல் இருந்தால் நல்லாயிருக்கும் என்று எனக்கு எழுத வரலை. 'ஐ விஷ் த வாட்டர் வேர் க்ளீன்' என்றுதான் எழுதினேன்.

கீழே பத்துக் கோடு போட்டிருக்கேன். 'ஐ விஷ்' என்று ஆரம்பித்து ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதுங்க. பென்சிலில் எழுதுங்க, திருத்த வசதியாக இருக்கும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி